திருட்டுப் போன பிழை

“என் தப்பைத் திருட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?”

ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார்.

“தப்பென்ன நகைநட்டா, திருடறதுக்கு?”

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரைத் தானாகத் தூங்க வைக்கும் சின்ன ப்ரோக்ராம் அது. இலவசம். அதில் தப்பு கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். சரியாக இருந்தால் ஏற்றுக்கொண்டு, அனுப்பியவர் பெயரையும் பட்டியலில் போடுவார்கள்.

அதன் கையேட்டில், ‘எத்தனை நிமிடத்தில் தூங்க வேண்டுமோ அந்த எண்ணைக் கொடுக்கவும்’ என்றிருந்தது. அவள் நம்பிப் பத்து என்று கொடுத்தாள். கம்ப்யூட்டர் பத்தே நொடியில் கண்ணை மூடிவிட்டது. தட்டி எழுப்பினால், அடுத்த வார்த்தையை யோசிப்பதற்குள் மறுபடி மூடியது. ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, கடிகாரம் வைத்துப் பார்த்து, நிமிடம் என்று போட்டிருப்பது உண்மையில் நொடி என்று கண்டுபிடித்தாள்.

அந்தப் பெருமையை நேற்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

அவருக்கு ஆபீசில் ‘திருத்தல் திலகம்’ என்று பட்டப்பெயர். கடை போர்டில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தால்கூட, உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவார். இன்று எழுந்ததும் எழாததுமாக அந்தக் கையேட்டை மேய்ந்து, இன்னும் ஐந்து பிழைகளைப் பிடித்து, அவளுடையதையும் சேர்த்து ஆறாகத் தன் பெயரில் அனுப்பிவிட்டிருந்தார்.

“யார் சொன்னா என்ன? தப்புன்னா உடனே திருத்தணும். அவ்வளவுதானே?”

“வெள்ளிக்கிழமை எனக்கு இன்டர்வியூ. எட்டு வருஷமா என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. பிள்ளையை வளர்த்தேன்னு சொன்னா, சரி, அப்புறம்னு கேப்பாங்க. எடுத்துக் காட்ட எங்கிட்ட இருந்தது இந்த ஒரு தப்புதான்.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அட, இதுக்குப் போய்... வேற ஒண்ணு கிடைக்காமலா போயிடும்?” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

அவளுக்கு வயிறு எரிந்தது. கட்டின பெண்டாட்டி வாயிலிருந்து பிடுங்கித் தன் பெயருக்குப் போட்டுக்கொள்ளும் மனுஷனை என்னவென்று சொல்வது?

சாயங்காலம் வாசலிலேயே அவர் சத்தம் கேட்டது.

“அநியாயத்தைப் பாத்தியா? நிராகரிச்சுட்டாங்க! ஆறையும்! என்ன காரணம்னுகூடச் சொல்லல!”

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். எல்லாரும் பார்க்கும் பக்கத்தில், அந்த ப்ரோக்ராமைப் பராமரிக்கும் அம்மையார் ஒரே வரியில் முடித்திருந்தார்: ‘ஏற்பதற்கில்லை.’

பொங்கி வந்த சிரிப்பை மறைக்க அவள் சமையலறைக்குள் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்தே கேட்டாள்:

“அப்ப நான் அனுப்பிப் பாக்கட்டுமா?”

“தாராளமா! என்னையே மதிக்கல, உன்னை மதிக்கப் போறாங்களா? நீயும் மூக்கறுபட்டுட்டு வா!”

அவள் தன் பிழையை மட்டும், கடிகாரம் வைத்துக் குறித்த நேரங்களோடு அனுப்பினாள். மறுநாள் காலையிலேயே ஏற்றுக்கொண்டார்கள். நன்றி வேறு. பட்டியலில் கடைசியாக அவள் பெயர்.

அதற்குப் பிறகு வீட்டில் காது கொடுக்க முடியவில்லை.

“ஒரே தப்பு! நான் சொன்னா குப்பை, இவ சொன்னா தங்கமா? சுத்த ஓரவஞ்சனை!”

மாடிவீட்டுக்காரரிடம் புலம்பினார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவரையும் விடவில்லை. எல்லாம் பொறாமை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“மீதி அஞ்சையும் நீங்க மறுபடி அனுப்பிப் பாருங்களேன்.”

“அந்த வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன்!”

வெள்ளிக்கிழமை இன்டர்வியூவில் கேட்டார்கள்: “இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் யோசிக்கறதுக்குள்ள அது தூங்கிடுச்சு சார். என் வீட்டுக்காரர்கூட நான் பேசி முடிக்கற வரைக்கும் முழிச்சிருப்பார்.”

சிரித்துவிட்டார்கள். பிறகு அவள் குறித்த நேரங்களைக் கேட்டு வாங்கி, முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். திங்கட்கிழமை வேலை உறுதியாகிவிட்டது.

சந்தோஷம் தாங்காமல் அவள் அந்த அம்மையாருக்கு எழுதினாள்: ‘என் கணவர் அனுப்பியதை நீங்கள் நிராகரித்ததால்தான் எனக்கு வழி பிறந்தது. அவர் முன்கோபி. இன்னும் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.’

பதில் வந்தபோது கூடத்தில் கணவர் யாரிடமோ போனில், “அந்தம்மாவுக்கு நியாயம்னா என்னன்னே தெரியாதுங்க!” என்று பொரிந்துகொண்டிருந்தார்.

‘வாழ்த்துகள். உங்கள் திருத்தம் சரியாக இருந்தது, ஏற்றேன். ஆனால் அவருடையதும் சரியாகத்தான் இருந்தது. ஏற்கவும் இருந்தேன். அதற்குள் மதியம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்களிடம் சொல்லக் கூடாது என்று கேட்டிருந்தார். முன்கோபி என்று நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. கீழே அப்படியே தருகிறேன்.’

அவள் கீழே படித்தாள்.

‘நான் அனுப்பிய ஆறில் முதல் பிழை என் மனைவி கண்டுபிடித்தது. புத்தி கெட்டுப்போய் என் பெயரில் அனுப்பிவிட்டேன். காலையில் அவள் முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானே திரும்பப் பெற்றுக்கொண்டால், விட்டுக்கொடுத்ததாக நினைத்து அவள் அனுப்பவே மாட்டாள். ரோஷக்காரி. அதனால் தயவுசெய்து ஆறையும் எல்லாரும் பார்க்கும்படி நிராகரித்துவிடுங்கள். வீட்டில் கத்துகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.’