ஏழு மணி நேரத் தாகம்

ஏழு மணி நேரமாக அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாதி எழும்பிய கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் வெயில் சிமெண்டுத் தரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. கீழே கலவை மிஷின் ஓயாமல் இரைகிறது. சர்வேயரான அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கருவிக்குள் பார்க்கிறாள். எதிரே உதவியாள் பிடித்திருக்கும் அளவுகோலின் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறாள். இந்த அளவை நம்பித்தான் நாளைக்குத் தூண் எழும்பும். பிசகினால், பொம்பளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்பார்கள். காலடியில் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே சூடேறிக் கிடக்கிறது. “என்ன மேடம், அதுல மீன் வளர்க்கிறீங்களா?” என்கிறார் மேஸ்திரி. உதவியாள் சிரிக்கிறார். அவளும் வழக்கம்போல் சிரிக்கப் பார்க்கிறாள். வெடித்த உதடு எரிகிறது. கருவியின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். மேஸ்திரி பதறி ஓடிவந்து பாட்டில் மூடியைத் திருகி நீட்டுகிறார். “முதல்ல குடிம்மா. உயிரைக் குடுத்தா வேலை பார்ப்பாங்க?” அவள் அவர் கையை மெல்ல விலக்குகிறாள். நாலு மாதமாகச் சொல்லக் கூச்சப்பட்டது, குரல் உயராமலே வெளியே வருகிறது. “குடிச்சா எங்க போறதுண்ணே? இந்த சைட்ல பொம்பளைங்களுக்கு பாத்ரூமே இல்லையே.”