எந்தக் கோடு முதலில்?

“தவறு. மீண்டும் எழுதுங்கள்.”

லாபிர் தன் தாளையே பார்த்தான். ‘நாடு’ என்ற சீன எழுத்து அச்சில் அடித்த மாதிரித்தான் இருந்தது.

“எழுத்து சரியாத்தானே மிஸ் இருக்கு?”

“எழுத்து சரி. வரிசை பிழை. உள்ளே ஆள் நுழையும் முன்பே கதவைச் சாத்திவிட்டீர்கள். பூச்சியம்.”

மிஸ் லின் பீஜிங்கில் தமிழ் படித்துவிட்டுக் கண்டிக்குச் சீனம் கற்பிக்க வந்தவர். புத்தகத் தமிழிலேயே திட்டுவார். சீன எழுத்தில் மேல் கோடு முதலில், கீழ்க் கோடு பிறகு. பெட்டி வந்தால் உள்ளே இருப்பதை எழுதிவிட்டுக் கடைசியில்தான் அடியை மூட வேண்டும். ஒரு கோடு முந்தினாலும் பரீட்சைப் புள்ளி கிடையாது. சீன உல்லாசப் பயணிகளுக்கு வான் ஓட்டும் லாபிருக்கு இதெல்லாம் அநியாயமாகப் பட்டது. ‘ஈவிரக்கம் இல்லாத மனுஷி’ என்பது வகுப்பின் ஏகமனதான தீர்ப்பு.

திட்டு வாங்காத ஒரே ஆள் பரிமளம் அக்கா. பல் கட்டும் சீன வம்சத்துச் சாங் ஐயாவின் மனைவி.

ஒரு காலத்தில் கண்டியில் பொய்ப்பல் என்றால் சாங் ஐயாதான். லாபிரின் உம்மா அவர் கட்டிய பல்லோடுதான் கடைசிவரை முறுக்குக் கடித்தார். சீனப் புத்தாண்டு வந்தால் ஐயா சிவப்புத் தாளில் தூரிகையால் ‘நல்வாழ்வு’ என்று சீனத்தில் எழுதிக் கதவில் ஒட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். ஆளுக்கொரு டொபி கிடைக்கும். அந்த மை வாசம் லாபிரின் மூக்கில் இன்னும் இருக்கிறது. என்ன அருமையான நாட்கள்!

பாரிசவாதத்தில் ஐயாவின் வலது கையும் பேச்சும் போய்விட்டன. அடுத்த புத்தாண்டுக்கு வெறுங்கதவைப் பார்த்து அழுதாராம். அக்கா வகுப்புக்கு வந்ததே அதனால்தான்.

இந்தப் புத்தாண்டுக்கு அக்கா மிஸ் லின்னையும் லாபிரையும் வீட்டுக்கு அழைத்தார். ஐயாவைக் கதிரையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். இரட்டைக் கதவுக்கு இரண்டு சிவப்புத் தாள்கள்.

அக்கா தூரிகையை எடுத்தார். எழுத்தில் பெட்டி வரும் இடம் வந்தது. தமிழ் ‘ப’ போடுகிற மாதிரி ஒரே இழுப்பு. பிறகு மேலே ஒரு மூடி. அடுத்த பெட்டிக்கும் அதே ‘ப’, அதே மூடி.

லாபிர் திரும்பிப் பார்த்தான். மிஸ் லின்னின் முகம் சிவந்துவிட்டது. ஐயா மட்டும் கோணிய வாயால் சிரித்தார்.

தேநீர் ஊற்றக் குசினிக்குப் போன அக்காவை இருவரும் பின்தொடர்ந்தார்கள்.

“என்னக்கா, படிச்சதெல்லாம் மகாவலி ஆத்துல போயிட்டுதா?”

“வகுப்பில் முதல் மாணவி நீங்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள்?”

“மெதுவாப் பேசுங்க, அவருக்குக் கேட்டுடும்” என்றார் அக்கா. “அவரு சின்னப் புள்ளையா இருக்கும்போதே அப்பா தவறிட்டாரு. சொல்லிக்குடுக்க ஆளில்லை. அப்பா ஒட்டிட்டுப் போன தாளைப் பார்த்துப் பார்த்துத் தானா எழுதிப் பழகினது. படிச்சது தமிழ்ப் பள்ளிக்கூடம். பெட்டின்னா கை ‘ப’தானே போடும்? ஆனா, ‘எங்கப்பா எழுதின முறை இதுதான் பரிமளம், மாத்தக்கூடாது’ன்னு வருஷா வருஷம் பெருமையாச் சொல்லுவாரு. ஆயுசு பூரா எழுதினது பிழைன்னு, இந்த நெலமையில நான் எப்படிங்க அவருக்குக் காட்டுறது?”

தேநீரோடு திரும்பினார்கள்.

ஐயா இடது கையைத் தூக்கி மற்றத் தாளைக் காட்டினார். பிறகு மிஸ் லின்னைக் காட்டினார். அப்பாவின் ஊரிலிருந்து வந்த பிள்ளை எழுதுவதைப் பார்க்க அவருக்கு ஆசை.

அக்காவின் முகம் வெளிறியது. “மிஸ் களைச்சுப்போய் வந்திருக்காங்க…” என்று தடுக்கப் பார்த்தார்.

மிஸ் லின் தூரிகையை மையில் தோய்த்தார். ஐயா முன்னால் குனிந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி வரும் இடத்தில் தூரிகை ஒரு கணம் தயங்கியது.

பிறகு நிதானமாக ஒரு ‘ப’ போட்டு, மேலே மூடியும் போட்டுவிட்டு, மிஸ் லின் நிமிர்ந்தார்.

“எங்கள் வீட்டிலும் இப்படித்தான் எழுதுவோம், ஐயா.”