முதல் பக்கத்துப் படம்

"ஜெயிச்சவங்க படம் ஒண்ணுகூட வேணாம்மா. தோத்தவங்க படத்தத்தான் மொத பக்கத்துல போடணும். பெருசா போடணும்" என்றார் லூயிஸ்.

செங்கொடி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், பல் டாக்டர் என்று எத்தனையோ வெப்சைட் செய்து கொடுத்தவள். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

லூயிஸ் ராயபுரத்தில் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் எடுப்பவர். இனி எல்லாம் ஆன்லைனில்தான் என்று முடிவு செய்திருந்தார். எண்ணூர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் தொங்க வேண்டாம், தெருமுனை பிரௌசிங் சென்டரிலேயே மாதிரித் தேர்வு எழுதலாம். 2008-ல் அது துணிச்சல்தான்.

செங்கொடிக்குத் தன் தொழிலில் சந்தேகமே கிடையாது. வருகிறவன் ஒரே ஒரு பார்வைதான் பார்ப்பான் என்று விளக்கினாள். மாலை போட்ட நாலு முகம், கீழே அவர்கள் சேர்ந்த பேங்கின் பேர், பக்கத்திலேயே சேருவதற்கு ஒரு பட்டன். கை தானாகப் போய் அழுத்தும்.

"தோத்தவங்க மூஞ்சியப் பாத்து எவன் சார் சேருவான்?"

"நீ போடும்மா. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வாங்கியாந்தேன்" என்று போட்டோக் கவரை நீட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன படித்தவர், என்ன வேலை தெரியும், பரீட்சையில் எங்கே கோட்டை விட்டார் என்றெல்லாம் வர வேண்டும். தொடர்புக்கு லூயிஸின் செல் நம்பர்.

போட்டாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. பிளஸ் டூவில் ஒருமுறை பெயிலானவள் அவள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் படி இறங்கும்போதெல்லாம் யாராவது மார்க் கேட்பார்கள். அந்த வலி தெரிந்தவளையே இந்த வேலைக்குப் பிடித்தாரே என்று லூயிஸ் மேல் கோபமாக வந்தது. அவமானப்படுத்தினால் பிள்ளைகள் படிக்கும் என்று நினைக்கிற வாத்தியார் போலிருக்கிறது.

பதினைந்து நாள் கழித்து மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வெப்சைட் செய்தது யாரென்று விசாரித்துக்கொண்டு வந்தவர் மாரியப்பன். திருவொற்றியூர்க் குப்பத்தில் போட் வைத்திருப்பவர். முதல் பக்கத்தில் முதல் படமாக இருக்கும் மலர் அவருடைய பெண்.

"எம் பொண்ணு தோத்துட்டான்னு நீதான் ஊருக்கே சொல்லிகினு கீறியா?"

செங்கொடி அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. எதிர் வீட்டு வரதனின் பிள்ளை அர்ஜுன் பிரௌசிங் சென்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். குப்பமே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து மலர் வாசல் பக்கமே வரவில்லை. செல்லையும் அணைத்து வைத்துவிட்டாள்.

"அந்த அர்ஜுன் மட்டும் இன்னா, கலெக்டரா? அவனும் இதே சாராண்டதான் படிச்சான். போட்டோ கேட்டப்போ குடுக்காம ஓடிட்டான். அவனும் பெயிலுதான்" என்று பல்லைக் கடித்தார்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இதைத்தான் தானும் தலைப்பாடாக அடித்துக்கொண்டதாகச் சொன்னாள். இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். எடுப்பதற்கு முன் லூயிஸை நாலு வார்த்தை கேட்காவிட்டால் ஆறாது போலிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு, மலரின் அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார், படத்தை எடுக்கப் போகிறேன் என்றாள்.

"அவரு சொன்னா எடுத்துடும்மா, அவரு பொண்ணு" என்றார் லூயிஸ். "ஆனா நேத்துலேர்ந்து அந்தப் பொண்ணுக்குத்தான் போன் போட்டுகினு கீறேன், கெடைக்கல. நாளைக்குக் காலைல சர்டிபிகேட் எடுத்துகினு மணலிக்கு வரச் சொல்லு. கன்டெய்னர் யார்டு ஆபீஸ்ல கணக்குப் பாக்க ஆள் தேடறாங்க. அந்தப் பக்கத்தப் பாத்துட்டு இவளத்தான் கேக்கறாங்க."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாள் செங்கொடி.

"வேல வாங்கித் தரேன்னு சொல்லிகினு திரியறவனுங்க இங்க கொஞ்சமா கீறானுங்க? நானும் அதையே சொல்லணுமா? மணலி, எண்ணூர்ல தெரிஞ்ச கம்பெனிக்கெல்லாம் அந்தப் பக்கத்த மெயில்ல அனுப்பிச்சேன். யாராவது கூப்ட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

"கூடவே ஜெயிச்சவங்களையும் போட்டிருக்கலாம் இல்ல சார்?"

"அவங்களுக்குத்தான் வேல கெடச்சுடுச்சே. அவங்க படம் எனக்கு விளம்பரம். இவங்க படம் இவங்களுக்கு விளம்பரம்."

போன் நின்றது. மாரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரையில் மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கீழே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டச் சொன்னார். காமர்ஸ் பட்டம், டேலி, டைப்பிங், இன்டர்வியூவில் கோட்டை விட்டது என்று செங்கொடி படித்தாள். பிறகு தயங்கியபடி கேட்டாள்.

"எடுத்துடவா அண்ணா?"

"வேணாம்மா, இருக்கட்டும்" என்றவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பக்கத்துல இன்னோரு படம் போட எடம் கீதா? அந்த அர்ஜுன் வூட்ல சும்மாதான் குந்திகினு கீறான். போட்டோவ நானே வாங்கியாரேன். அவனும் பெயிலுதாம்மா."