சீட்டு நகர்ந்தால் முடிந்தது

“மென்பொருளை டெஸ்ட் பண்ண ரெண்டு நாளா? அதுக்குள்ள என் பசங்க இன்னொரு வெர்ஷனையே வெளியிட்டுடுவாங்க, லிகாயா.”

மணிலாவில், மக்காத்தி பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பதினாறாவது மாடியில், சத்தம் நுழையாத கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ரோடெல் சிரித்தார். மென்பொருள் குழுவுக்குத் தலைவர். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துச் சீக்கிரம் வெளியிடும் ‘அஜைல்’ முறை என்று சொல்லி, தினமும் காலையில் எல்லோரையும் நிற்க வைத்துக் கூட்டம் போடுவார், சுவரில் மஞ்சள் சீட்டுகளை நகர்த்துவார். சீட்டு ‘முடிந்தது’ பக்கம் போய்விட்டால் அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

“சீட்டு நகர்ந்துடுச்சு சார். புதுசைச் சேர்த்ததுல பழசு ஏதாவது கெட்டுப்போச்சான்னு யாருமே பார்க்கலையே,” என்றாள், குழுவின் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் லிகாயா.

“பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா அதுக்குப் பேரு ‘அஜைலா’? வேகம்மா, வேகம். வெளியே பாரு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மதியம் வெளியான புது வெர்ஷனைக் கொண்டாட வாங்கிய பன்சிட் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. பையன்கள் இவர்களைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினார்கள். ரோடெல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

“அந்த உற்சாகத்துல பாதியாவது உனக்கு இருக்கா? எப்பப் பாரு முட்டுக்கட்டை. பிடிக்கலைன்னா கதவு அங்கே இருக்கு.”

தம்பியின் கல்லூரிப் படிப்பு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இருந்தாலும் லிகாயா விருட்டென்று எழுந்து போனாள். கைப்பிடியைப் பிடித்தாள், கொஞ்ச நேரம் நின்றாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ரோடெலுக்கு உள்ளம் குளிர்ந்தது. இவள் ரோஷமெல்லாம் கதவு வரைக்கும்தான். இப்படிப்பட்ட ஆளுக்கு இரக்கம் காட்டினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

“இப்பப் பயந்து பிரயோஜனமில்ல. இன்னையோட உன் வேலை போச்சு. கிளம்பு.”

அவள் அசையவில்லை.

“காது கேக்கலையா? நீ கெஞ்சினாலும் என் மனசு மாறாது. வெளியே போ.”

“நான் ஏன் சார் கெஞ்சறேன்? போகத்தான் எழுந்தேன்,” என்றாள் லிகாயா. “பசங்க கையை ஆட்டறது கொண்டாட்டத்துக்கு இல்ல. நம்ம பூட்டு மென்பொருளோட புது வெர்ஷனை, நம்ம ஆபீஸ் கதவுகள்லதானே முதல்ல ஏத்தினீங்க? ரொம்ப வேகமாப் பூட்டுது சார். திறக்கத்தான் மாட்டேங்குது.”