பதினைந்து மார்க்

"டீச்சரம்மா, எங்க துர்காவுக்கு எட்டு வந்துகீது! உங்க பொண்ணுக்கு இன்னா வந்துது?"

முனியம்மாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. ரத்தினபாய் டீச்சருக்குச் சுருக்கென்றது.

துர்காவுக்கும் டீச்சர் மகள் டெபோராவுக்கும் ஒரே வியாதி. பெருங்குடலில் புண், நாளைக்குப் பத்துத் தடவை ரத்தமாகப் போகும். தாம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சித் திட்டத்தில் இருவருக்கும் இலவசமாக மருந்து ஏற்றினார்கள். அடுத்த தடவை மருந்து ஏற்ற வரும்வரை, முன்பு ஏற்றியதில் ரத்தத்தில் மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சொல்வதுதான் அந்த எட்டு.

"டெபோராவுக்கு இன்னிக்குத்தான் டெஸ்ட்," என்றார் டீச்சர், வேண்டாவெறுப்பாக.

"துர்காவுக்கு ரத்தம் போறது நின்னேபூட்ச்சு டீச்சரம்மா. நேத்து வஞ்சிரக் கொயம்பு ஊத்தி ரெண்டு தட்டு துன்னுச்சு!"

கட்டிலில் டெபோரா துவண்டு கிடந்தாள். காலையிலிருந்து நாலு தடவை போய்விட்டு வந்தவள். டீச்சருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். கீழ்க்கட்டளையில் பாதிப் பிள்ளைகள் அவரிடம் டியூஷன் படித்தவர்கள். கோவளத்தில் மீன் விற்கிறவள் பெண் எட்டு வாங்குவாளாம், டீச்சர் பெண் அதற்குக் கீழே வாங்குவாளாம்! நன்றாயிருக்கிறதே நியாயம்!

நர்ஸ் சரிதா மருந்துப் பையை மாட்டினாள்.

"மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும் மேடம். லேப்லேருந்து ஆள் வருவார்," என்று காலிக் குழாயை மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

டீச்சர் குழாயைப் பார்த்தார். பையைப் பார்த்தார். முனியம்மாவையும் ஒரு பார்வை பார்த்தார்.

ரத்தம் வெளிநாட்டு லேபுக்குப் போய், மூன்று வாரம் கழித்து, செக்கப் நாளில் ரிப்போர்ட் வந்தது. பதினைந்து!

டீச்சர் நேரே முனியம்மாவைத் தேடித்தான் போனார்.

"பதினஞ்சு, முனியம்மா. உன் பொண்ணைவிட ஏழு ஜாஸ்தி."

"அடேங்கப்பா! அப்போ பாப்பாவுக்கும் சரியாப்பூடும்!" முனியம்மா மனசாரச் சந்தோஷப்பட்டாள். டீச்சருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"உள்ள வா. டாக்டர் சொல்றதை நீயும் கேளு," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் இளமாறன் ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"இவ்வளவு மருந்து ரத்தத்துல இருந்தும் ரத்தப்போக்கு நிக்கலைன்னா, இந்த மருந்து டெபோராவுக்குக் கேக்கலைன்னு அர்த்தம் மேடம். நிறுத்திடலாம். ஆபரேஷன் பண்ணிப் பெருங்குடலை எடுக்கறதுதான் வழி."

"என்ன டாக்டர் சொல்றீங்க? எட்டு வாங்கின துர்காவே நல்லாயிருக்காளே!"

"துர்காவுக்கு முதல் டெஸ்ட்ல ஒண்ணுதான் வந்தது. அதனாலதான் மருந்தைக் கூட்டினேன். டெபோராவுக்கும் கம்மியா வந்திருந்தா கூட்டிப் பார்த்திருப்பேன். இனிமே எதைக் கூட்டறது?"

"அம்மா, மலம் போக வயித்துல பை வெச்சுடுவாங்களாம்மா?" டெபோரா அழ ஆரம்பித்தாள். பத்தொன்பது வயசு. முனியம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"வர்ற திங்கட்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாமா மேடம்?"

டீச்சர் முனியம்மாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பரீட்சையில் காப்பியடித்த எத்தனையோ பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தவர், தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பதினஞ்சு என் பொண்ணு வாங்கினது இல்ல டாக்டர். ரத்தம் எடுத்தாச்சுன்னு நர்ஸ்கிட்ட பொய் சொல்லி மருந்தை ஏத்த வெச்சுட்டு, அது கொஞ்சம் இறங்கினப்புறம்தான் நான் லேப் ஆளைக் கூப்பிட்டேன்."