நெஞ்சுக்கு நல்ல எண்ணெய்

தங்கை பூவிழி முழங்கையைக் காட்டியது எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பா, பின்பா என்று நிகரனுக்குச் சரியாக நினைவில்லை. முன்பு என்றுதான் தோன்றுகிறது.

அப்பா மாரடைப்பில் போனவர். கொழுப்பைக் குறைக்கும் தாவர ஸ்டீரால் சேர்க்காத எண்ணெயை விற்கவே கூடாதென்று சட்டம் வந்தபோது நிகரன் நிம்மதியடைந்தான். தினமும் தங்கையின் இட்லிப்பொடியில் குழி பறித்துத் தன் கையாலேயே ஊற்றினான்.

"எனக்கு வேணாம்ணே. முழங்கைல மஞ்ச மஞ்சளா கட்டி வருது, பாரு. நெஞ்சும் கனக்குது."

"நெஞ்சுக்குத்தான் ஊத்துறேன். பேசாம தின்னு, கழுத."

அவள் சிரித்துக்கொண்டே தின்றாள்.

அந்த ஸ்டீராலை வெளியேற்றாமல் இரத்தக் குழாய்களிலும் தோலுக்கடியில் மஞ்சள் கட்டிகளாகவும் சேர்த்துவைக்கும் உடம்பு மிகச் சிலருக்கு உண்டு என்று மருத்துவர் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

பூவிழி இருபத்தாறு வயதில் மாரடைப்பில் இறந்தாள். நிகரன் இன்றும் அதே எண்ணெயில்தான் சமைத்துச் சாப்பிடுகிறான். அவன் இதயம் நன்றாக இருக்கிறது.