உப்பு ஈரம்

பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு மூக்கைப் பதித்திருந்தார்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் முன்பே அது மோப்பம் பிடித்து, இடத்தையும் காரணத்தையும் சத்தமாகச் சொல்லிவிடும்.

அன்று காலை படுக்கையறையிலிருந்து அறிவித்தது: “இடது பக்கத் தலையணையில் பூஞ்சை. ஈரத்தில் உப்பு இருக்கிறது.”

இடது பக்கம் தாட்சாயணி படுக்கும் பக்கம். அவள் அடுப்பில் தோசையைத் திருப்பிப் போட்டாள். இரவானால் கண்ணீர் அது பாட்டுக்கு வழியும். ஏனென்று தன்னையே கேட்டுக்கொள்வதைக்கூட அவள் நிறுத்திவிட்டிருந்தாள். எப்படியோ, இனி அவளாக வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி கணவன் இளவழகன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

“தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட படுக்காதன்னு எத்தன தடவ சொல்றது?”

“உப்புன்னு சொல்லுதுங்க.”

“போர் தண்ணி உப்பாத்தானே இருக்கும்? ஃபில்டர் போட்டாத்தான் சரிப்படும்.”

அங்கேயே நின்று ஃபில்டர்காரனைக் கூப்பிட்டு, சாயந்திரமே வந்து மாட்டச் சொன்னான்.

“சரியாயிடும் தாட்சு.”

“சரிங்க.”

அவள் திரும்பாமலே தட்டை நீட்டினாள். அவன் அதே இடத்தில் நின்று சாப்பிட்டான். அவன் கண்ணுக்கு நேரே, போன வெள்ளிக்கிழமை அவள் வைத்த மல்லிகைச் சரம் சருகாகி, இன்னும் அவிழ்க்காத பின்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது.